கருங்கொம்பு ஏரிக்கு மூன்று பேர்

வரிசை தப்பக் கூடாது. ஒன்று, என்னைப் பெற்ற பதினோராம் நாள் என் அம்மாவை மழையில் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு, எனக்கு ஒன்பது வயது, கருங்கொம்பு ஏரியில் கால் கழுவியதற்காக என் அப்பாவைத் துரையின் ஏரிக் காவல்காரன் கரையிலேயே மண்டி போட வைத்தான், ஈரக் காலோடு, நான் பார்த்துக்கொண்டிருக்க. மூன்று, அதே ஏரியில் ஒரு மீனைப் பிடித்த குற்றத்துக்காக நாலு குடும்பத்தைச் சட்டிபானையோடு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வெளியே தள்ளினார்கள். ஒரே ஒரு மீன். அதையும் பறித்துக்கொண்டுதான் தள்ளினார்கள். நான்கு, சங்கத்தில் சேர்ந்த இருபத்து மூன்று பேரின் பெயரை மஸ்டரில் வாசிக்காமல் விட்டார்கள். காலையில் களத்தில் வரிசையாக நிற்கிறோம், சூப்பர்வைசர் செக்ரோல் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான், கூப்பிட்டவர்கள் 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு மலைக்குப் போகிறார்கள், கடைசியில் நாங்கள் இருபத்து மூன்று பேர் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறோம். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்போம். வாசிக்காமல் விட்டவனை என்ன செய்வது? ஐந்து, வேலைநிறுத்தத்தின் இருபதாம் நாள் ரேஷன் அரிசியை நிறுத்தினார்கள். ஏழு, சங்கம் இரண்டாக உடைந்தபோது என் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், கோஷம் போட நான் பழக்கிவிட்ட ஆட்களே. எட்டு, எஸ்டேட்டை மூடி, ஏரியைச் சுற்றுலாவுக்குத் திறந்து, இதோ இந்தச் செக்போஸ்ட் வாசலில் 'ஏரியின் வரலாறு' என்று ஒரு தகரப் பலகை நட்டிருக்கிறார்கள். அதில் துரைமார் பெயர் ஏழு. எங்கள் ஆட்களில் ஒருவன் பெயரும் இல்லை. ஐம்பது வருஷமாக மேடையில் இந்தப் பட்டியலைச் சொல்கிறேன், மூச்சு விடாமல், தாள் பார்க்காமல். ஐந்துக்கு அடுத்து ஏழு. ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள், எண்ண மாட்டார்கள். என் கூட்டாளி ஞானமுத்து உட்கார்ந்திருந்தால் எண்ணியிருப்பான். விரலை மடக்கி எண்ணிவிட்டு, 'ஏல சங்கிலி, ஆறு எங்கல போச்சு?' என்று கூட்டத்தின் நடுவிலேயே கேட்டிருப்பான்.

பெஞ்சு குளிர்கிறது. தகரக் கூரையில் இருந்து இன்னும் சொட்டுகிறது. மணி ஏழு ஆகவில்லை, வனக் காவலர் வந்து பதிவேட்டைத் திறந்தால்தான் தடைக்கம்பு தூக்குவார்கள். ரூத்து எனக்கு முன்னால் கல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூண்டில் முள் கட்டிக்கொண்டிருக்கிறாள். தங்கூஸ் நரம்பை ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் நுனியைக் கடித்து இழுக்கிறாள். நரம்பு விரலில் பதிகிறது. அதைப் பார்க்க வேண்டாம். திட்டத்தை யோசிக்க வேண்டும். முதல் நாள், ஜீப் போகும் மட்டும் ஜீப், அதற்கப்புறம் நாலு கிலோமீட்டர் நடை. அட்டை கடிக்கும், மூக்குப்பொடியும் உப்பும் எடுத்தாயிற்று. மதியத்துக்குள் ஏரி. வடகரையில் நிழல் விழும் இடத்தில் தக்கை போட வேண்டும், வெயில் ஏறினால் அந்த மீன் ஆழத்துக்குப் போய்விடும். டிரவுட் என்று துரைமார் சொல்வார்கள், நாங்கள் தொரைமீன் என்போம். எங்கிருந்தோ கப்பலில் முட்டையாக வந்து, எங்கள் மலையில் குடியேறி, எங்களையே தண்ணீரில் கால் வைக்க விடாத மீன். ராத்திரிக்குத் தகரக் கொட்டகை. இரண்டாம் நாள், ஏரியிலிருந்து விழும் உள்ளாற்றை ஒட்டி இறக்கம், கல்லொட்டியும் கெண்டையும் கிடைக்கும், மண்புழு போதும். மத்தியானம் யானைக்கசம். ஆறு திரும்பும் இடத்தில் பாறைக்கு நடுவே ஆழமாகக் கறுத்துக் கிடக்கும் மடு. அங்கே தூண்டில் போடக் கூடாது. அங்கே உட்காரலாம். அங்கே சொல்லலாம். இல்லை, அங்கே சொன்னால் அவள் எப்படித் திரும்பி நடப்பாள், வழி வழுக்கல். ஏரியிலேயே சொல்லிவிடலாமா, முதல் மீன் மாட்டுவதற்கு முன்னால், அல்லது மாட்டிய பிறகு? மாட்டிய பிறகு என்றால் அந்தச் சந்தோஷத்தையும் கெடுத்த பாவம். ஒரு வாரமாக இதுதான் திட்டம். முள், நரம்பு, ஈயக்குண்டு, போர்வை, முட்டிக்குத் தைலம் எல்லாவற்றுக்கும் இடம் குறித்தாயிற்று. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இடம் அமையவில்லை.

"பெரியப்பா, மண்புழு ஒரு டப்பாதானா?" என்கிறாள். "ரெண்டு எடுத்துட்டு வரலையா?" ஒரு டப்பா ஆற்றுக்கு, ஏரிக்கு வெட்டுக்கிளி என்றேன். "தொரைமீனு வெட்டுக்கிளி திங்குமா? கேக்கு, பிஸ்கோத்துன்னுல்லா கேக்கும்." அதெல்லாம் துரைமார் போன அன்றைக்கே நின்றுபோச்சு, இப்போது அதுவும் நம்ம தீனிக்கு வந்திருக்கும் என்றேன். ஜீப்பில் சாய்ந்து நின்ற அப்பாஸ் சிரித்தான். "அண்ணாச்சி, மேல போயி மீனுக்குச் சங்கம் வச்சிராதீங்க. அப்புறம் ஒண்ணும் முள்ளுல மாட்டாது." டீக்கடைக்குள் இருந்து சரசு எட்டிப் பார்த்து, "சங்கம் வைக்கது கெடக்கட்டும், அந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏறுதாராம், ஆளப் பாரு" என்றாள். முட்டி என் முட்டி. ரெண்டும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் படம் எடுத்துக் காட்டினான். மலை ஏறினால் அப்புறம் படுக்கைதான் என்றான். ஏறாமல் இருந்தால் எழுந்து ஓடுவேனா? அவனிடம் கேட்டேன், பேனாவை உருட்டினான். மேனேஜர்களும் நான் கேட்ட கேள்விகளுக்கு இப்படித்தான் உருட்டிக்கொண்டு இருப்பார்கள். ரூத்து இந்த ஊர்ச் சந்தையில் முப்பது வருஷமாக டேம் மீன் விற்கிறாள். ஆயிரம் பேருக்கு மீன் அறுத்துக் கொடுத்தவள், அந்த ஏரி மீனை மட்டும் தொட்டுப் பார்த்ததில்லை. ஏரியைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள் என்று பேப்பரில் வந்த அன்றைக்கு ஓடி வந்தாள். "பெரியப்பா, ஒண்ணே ஒண்ணு, என் கையால பிடிக்கணும். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்." என்னைத்தான். அவளுடைய அம்மா அன்னப்பழம் போன வருஷம் போய்விட்டாள். அப்பா, ஊர் சொன்ன கணக்குப்படி, அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது பசிக்குப் பயந்து, போராட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டு, கேரளத்துப் பக்கம் ஒருத்தியோடு ஓடிப்போனவன்.

நான் அந்தக் கணக்கை எழுதவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை. நோட்டீஸ் எழுதிப் பிழைத்தவனுக்கு இது தெரியும், அச்சான பிழையைத் திருத்தாமல் விட்டால் அதுவும் அவன் எழுதியதுதான். நான் எழுதப் படித்ததே நோட்டீஸில். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பசை வாளியை ஞானமுத்து பிடிப்பான், நான் ஒட்டுவேன், ஒட்டியதை அவன் வாசிக்கச் சொல்லுவான், நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், தப்பினால் பசைக் கையால் தலையில் ஒன்று. இருபது வயதில் நானே எழுத ஆரம்பித்தேன். எழுதியதெல்லாம் நின்றது. வேலைநிறுத்தத்தின் முப்பத்து ஐந்தாம் நாள் நான் எழுதிய நோட்டீஸ், தலைப்பு, 'அந்த மீன் யாருடையது?' உள்ளே ஒரு வரி, 'கருங்கொம்பு ஏரியில் நீந்துவது மீன் அல்ல, நம் பிள்ளைகளின் சோறு.' நல்ல வரி. இன்றைக்குப் பார்த்தாலும் நல்ல வரி. அதை எழுதியபோது மேடையைத்தான் நினைத்தேன், கை தட்டலைத்தான் நினைத்தேன், ஏரியை நினைக்கவில்லை. வாசித்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். ஒருவன் மட்டும் நம்பினான். மறுநாள் விடியுமுன் நரம்பும் முள்ளும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். லைன் வீட்டில் பிள்ளைகள் மரவள்ளித் தோலை அவித்துத் தின்றுகொண்டிருந்த நேரம். வழுக்கினானோ, பனியில் கரை தெரியவில்லையோ, காவல்காரன் துரத்தினானோ, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்ததைத் தெரியாது என்று ஒரு தடவை சொன்னேன், அது போதும்.

முப்பத்து எட்டாம் நாள். யானைக்கசத்தில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாகவும், கீழே ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கிடத்தியிருப்பதாகவும், அடையாளம் காட்ட எஸ்டேட்டிலிருந்து ஒரு ஆளும் சங்கத்திலிருந்து ஒரு ஆளும் வரவேண்டும் என்றும் போலீஸ் சொல்லி அனுப்பியது. கமிட்டியில் ஐந்து பேர். விறகுக் கொட்டகையில் கூடினோம். யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை. நம் ஆள் என்று ஒப்புக்கொண்டால் ஏரியில் திருட்டு என்று வழக்கு, திருட்டு என்று வழக்கு வந்தால் கமிட்டி முழுவதும் உள்ளே, கமிட்டி உள்ளே போனால் போராட்டம் முடிந்தது, நானூறு குடும்பம் தோற்றது. இன்னும் இரண்டு மூன்று நாளில் நிர்வாகம் இறங்கி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாம், ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். கையைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் தூக்கியது என் கை. கமிட்டி முடிவு, கமிட்டி முடிவு என்று ஐம்பது வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தாயிற்று. கை என்னுடையது, தோளோடு ஒட்டியிருக்கிறது, இப்போதும் இந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் சிமெண்டுத் திண்டு. முகம் ஊதியிருந்தது, ஆனால் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. வலது கை ஆள்காட்டி விரலில் தங்கூஸ் நரம்பு மூன்று சுற்று. சதையில் புதைந்து, அறுத்து, கறுத்து. அதை அவிழ்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எஸ்டேட் ஹெட் கிளார்க், முந்தின நாள்தான் அவன் பெயரைச் செக்ரோலில் அடித்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு "தெரியாத ஆள்" என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தெருவிலிருந்து கூட்டி வந்த இரண்டு சாட்சிகள் சுவரோரம் நின்றார்கள், ஒருவர் சைக்கிள் கடைக்காரர், ஒருவர் சலவைக்காரர். நான் தெளிவாகச் சொன்னேன். எனக்கு மேடைக் குரல். "இந்த ஆளை எனக்குத் தெரியாது." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எஸ்டேட்டும் சங்கமும் ஒரே வார்த்தை சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான். நாற்பத்து ஓராம் நாள் ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம். கூட்டத்தில் அன்னப்பழம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றாள், 'கீழே சங்க வேலையாப் போயிருக்கான், வந்துருவான்' என்று நான்தானே அவளிடம் சொல்லியிருந்தேன்.

அப்புறம் எப்படிச் சொல்வது? ஜெயித்த அன்றைக்குச் சொன்னால் வெற்றி அழுகிப் போகும். மறு மாதம் சொன்னால், ஏன் போன மாதம் சொல்லவில்லை. மறு வருஷம் சொன்னால், ஏன் போன வருஷம் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் 'ஓடிப்போனவன் மக' என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று இவள் அழுதுகொண்டு வந்தபோது அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைச் சத்தம் போட்டேன். சத்தம் போட எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? வேதக்கோயிலில் இவள் கல்யாணத்துக்கு அப்பா ஸ்தானத்தில் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோனதும் நான்தான். அன்றைக்கு அவள் கை வேர்த்திருந்தது. "எங்க அப்பா எங்கயாவது இருந்து கேள்விப்படுவாரா, பெரியப்பா?" என்றாள், பீடத்துக்குப் பத்தடி முன்னால். நான் நேரே பார்த்துக்கொண்டு நடந்தேன். கமிட்டியில் நாலு பேர் செத்தாயிற்று. நானும் போய்விட்டால் அவன் ஓடிப்போனவனாகவே இருப்பான், எப்போதைக்கும். இவள் வெள்ளிக்கிழமைதோறும் மீன் குழம்பு கொண்டு வந்து வைக்கிறாள், எனக்கு வேறு யாரும் இல்லை, சொல்லிவிட்டால் அதுவும் இல்லை. சரி, இல்லை. பட்டினி எனக்குப் புதுசா? நாற்பத்து ஒரு நாள் இருந்து பார்த்தவன். பயம் அதற்கு இல்லை. பயம் எதற்கு என்றால், சொன்ன பிறகு அவள் முகம் அந்தச் சலவைக்காரர் முகம் மாதிரி ஆகிவிடுமோ என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரே, பொய் என்று தெரிந்தே பார்த்தாரே.

போன வாரம் விண்ணப்பம் வாங்க இங்கே வந்தேன். மேலே போன ஒருவர் பனியில் காணாமல் போய், அவர் மேலே போகவே இல்லை என்றும் போனார் என்றும் தகராறு ஆனதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தடைக்கம்பு தூக்குமுன் சீட்டில் உள்ள பெயரை எல்லாம் சத்தமாக வாசிக்க வேண்டும், ஆள் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும், சம்பந்தம் இல்லாத இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு வாசித்ததை நின்று கேட்டேன். மஸ்டர் களம் மாதிரியே இருந்தது. முட்டி வலியையும் மறந்து நின்றேன். இரண்டு சாட்சி. அன்றைக்கும் இரண்டு சாட்சி. இதுதான் இடம் என்று அன்றைக்கே பட்டது, ஆனாலும் மனசு ஏரி, கசம் என்று நழுவிக்கொண்டே இருந்தது. ஏரிக்கரையில் தனியாக அவள் காதில் சொன்னால் அது என்ன? அது மன்னிப்புக் கேட்பது. மன்னிப்புக் கேட்பது மேனேஜர் பங்களா வாசலில் மனுவோடு நிற்பது மாதிரி, நான் நின்றதில்லை, யார் முன்னாலும் நிற்கப் போவதில்லை. சாட்சி வைத்து மறுத்ததைச் சாட்சி வைத்துத்தான் வாபஸ் வாங்க வேண்டும். இன்று காலையில் விண்ணப்பத்தில் எழுதினேன். ஒன்று, நான். இரண்டு, ரூத்து. மூன்று. முட்டியில் வைத்து எழுதியதில் எழுத்து கோணிவிட்டது. இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. இப்போதுகூட அடித்துவிடலாம். ஒரு கோடு போதும், பேனாவும் பையில்தான். செக்ரோலில் ஹெட் கிளார்க் போட்டது மாதிரி ஒரு கோடு. போட்டுவிட்டால் ஏரி, மீன், சிரிப்பு, இரண்டாம் நாள் ஆறு, இறங்கி வந்து வெள்ளிக்கிழமைக் குழம்பு. எவ்வளவு நல்ல திட்டம். பேனாவை எடுத்துவிட்டேன். மூடியைக் கழற்றிவிட்டேன். ரூத்து நரம்பைக் கடித்து இழுக்கிறாள், விரல் சிவக்கிறது. சங்கிலிமுத்து, இருபத்து மூன்று பேரைப் பெயரில்லாமல் நிற்க வைத்தவனைத் துரோகி என்று எழுதினாயே, ஒருவனை ஐம்பது வருஷம் நிற்க வைத்தவனை என்னவென்று எழுதுவாய்? மூடியைப் போட்டேன். அழுத்திப் போட்டதில் அது விரிந்துவிட்டது. விரியட்டும்.

காவலர் பைக்கில் வந்து இறங்கினார். சின்ன வயது. "யாரு, தாத்தா, ஏரிக்கா?" தாத்தா வேண்டாம், தோழர் என்று கூப்பிடுங்கள், அது முடியாது என்றால் பேரைச் சொல்லுங்கள் என்றேன். "சரிங்க சார்" என்றார். சீட்டைக் கொடுத்தேன். அப்பாஸையும் சரசுவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார். சரசு முந்தானையில் கை துடைத்துக்கொண்டு, "இவரு மேல போனாருன்னு நான் எழுதித் தாரேன், திரும்பி வருவாருன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க" என்று சிரித்தாள். காவலர் சீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, ரூத்தைப் பார்த்தார். "மூணு பேரு போட்டிருக்கு, ரெண்டு பேருதான இருக்கீங்க? மூணாவது எழுத்தும் புரியல. நீங்களே வாசிச்சிருங்க சார், ஆளு யாருன்னு சொல்லிருங்க." ரூத்து தலை தூக்கினாள். "மூணாவது யாரு, பெரியப்பா? வேற யாரு வாரா?" விரலில் நரம்பு அப்படியே இருந்தது. எழுந்தேன். முட்டி கத்தியது, கத்தட்டும். முதல் பெயரை வாசித்தேன், இருக்கேன் என்றேன். இரண்டாவதை வாசித்தேன், குழப்பத்தோடு அவளும் சொன்னாள். அப்புறம் தாளை இறக்கிவிட்டு, அப்பாஸைப் பார்த்து, சரசுவைப் பார்த்துச் சொன்னேன். "ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. ஐம்பது வருஷத்துக்கு முன்னால கீழ ஆஸ்பத்திரிக் கொட்டகையில ரெண்டு சாட்சிக்கு முன்னால ஒரு ஆளக் காட்டி, தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். பொய். தெரியும். அவன் ஓடிப்போகல. பிள்ளைகளுக்கு மீன் பிடிக்க இந்த ஏரிக்குப் போனான். யானைக்கசத்துல ஒதுங்கினான். நான் எழுதின வரிய நம்பித்தான் போனான். நான் சொன்ன பொய்யாலதான் பேரு இல்லாம போனான்." அப்பாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. காவலர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். ரூத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் திட்டம். பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். விரலிலிருந்து நரம்பை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள், அவசரப்படாமல், மூன்று சுற்றையும். அவிழ்த்து முடித்துவிட்டு, "வாசிங்க" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி, சத்தமா வாசிங்க." தகரக் கூரையில் இருந்து சொட்டுவது நின்றிருந்தது. தாளைத் தூக்கினேன். கோணல் எழுத்துதான், ஆனாலும் எனக்குத் தாள் வேண்டியதில்லை. மேடைக் குரலை எடுத்தேன், மேலே ஏரி வரைக்கும் கேட்கட்டும் என்று எடுத்தேன்.

"மூன்று. கருங்கொம்பு எஸ்டேட், நாலாம் லைன், செக்ரோல் எண் நூற்றுப் பதினேழு. சவரிமுத்து மகன், அன்னப்பழம் புருஷன், ரூத்தைப் பெற்றவன். ஞானமுத்து."